ஹாய்ட் மெர்சர் அறுக்காமல் விட்ட குழாய்

“என் கம்பத்துல விழுற இடி என்னோடது. உன் சட்டியில விழுந்தா அப்ப வந்து கத்து!”

ஹாய்ட் மெர்சர் தன் பெண்டாட்டி ஆர்டிஸைப் பார்த்து இப்படி வெடுக்கென்று சொன்னது ஓர் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. சண்டை ஆரம்பித்தது ஓவனில். சோள ரொட்டி சுடலாம் என்று ஆர்டிஸ் ஓவனைத் திறந்தாள். உள்ளே மூன்று தட்டு நிறைய வெள்ளை மணல் வெந்துகொண்டிருந்தது.

“ஊருல ஆம்பளைங்க ஓவன்ல பன்னிக்கறி வைப்பாங்க. நீ மண்ணு வைக்கிற. ராத்திரிக்கு அதையே தின்னு.”

“ஈரம் போகணும், ஆர்டிஸ். ஈர மண்ணுல கண்ணாடி நிக்காது, வெடிச்சிரும்.”

“கருகருன்னு இருந்த என் இரும்புச் சட்டி என்ன கதியில கிடக்குன்னு பாரு. சிங்க்குக்கு அடியில அந்தப் பழைய குழாயிலிருந்து துரு உதிர்ந்து உதிர்ந்து செவசெவன்னு ஆயிருச்சு. அதை அறுத்து எறின்னு ஆறு வருஷமா சொல்றேன். ஒரு மணி நேர வேலை. அதுக்கு உனக்கு நேரமில்ல. இடிக்குத் தொட்டில் கட்ட மட்டும் நேரம் இருக்கு.”

அதற்குத்தான் அவன் அந்தப் பதிலைச் சொன்னான். சொல்லிவிட்டு மணல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கதவை அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நாற்பத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் போடாத சண்டை இல்லை. இந்த ஒன்றை மட்டும் அவன் கடைசிவரை மறக்க முடியாமல் போனது.

ஹாய்ட் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். அவன் அப்பாவும் அதே தொழில். நம்மூர் ப்ளான்ட் சிட்டிக்குக் கிழக்கே இருக்கிற ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் பாதிக்கு அவர்கள் கை போட்ட கிணறுதான். இருபத்து மூன்று வயதில் ஒரு மாட்டுப் பண்ணையில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, இருபதடி தள்ளி மணல் மேட்டில் இடி விழுந்தது. மற்றவர்கள் வண்டிக்கு அடியில் ஓடினார்கள். மழை விட்டதும் இவன் மட்டும் போய் அந்த இடத்தைத் தோண்டினான். மணலுக்குள்ளே மரத்து வேர் மாதிரி ஒன்று நீளமாக இறங்கியிருந்தது. வெளியே சொரசொரவென்று சாம்பல் நிறம், உள்ளே வழவழவென்று கண்ணாடி. மின்னல் போன வழி அப்படியே உறைந்து நின்றது. தூக்கும்போது மூன்று துண்டாக உடைந்துவிட்டது. அந்த மூன்று துண்டையும் கைக்குட்டையில் முடிந்து, முப்பது வருஷத்துக்கு மேல் சட்டை அலமாரியில் வைத்திருந்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் இடுப்பு போய், வேலையைக் குறைத்த பிறகுதான் அந்தப் பைத்தியம் முழுதாகப் பிடித்தது. விழுந்த இடி போட்ட கோலத்தைப் பொறுக்குவது போதவில்லை அவனுக்கு. தானே கூப்பிட்டு, தான் சொல்கிற மண்ணில் இறங்கச் செய்ய வேண்டும்.

அதற்கு வழி கண்டுபிடிக்கப் படித்தவனால் முடிந்திருக்காது, போர் போடுகிறவனால்தான் முடியும். இடிக்கு வேண்டியது தண்ணீர். கண்ணாடிக்கு வேண்டியது உலர்ந்த மணல். இரண்டையும் ஒன்றுக்குக் கீழே ஒன்று வைத்தான். கொல்லையில் புழங்காமல் கிடந்த பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், மரப் பீப்பாய் ஒன்றை இடுப்பளவு புதைத்தான். சலித்து, சுட்டு, ஈரம் போக்கிய மணலை அதில் நிரப்பினான். பீப்பாய்க்கு மேலே முப்பதடி இரும்புக் கம்பம். பீப்பாயின் அடியிலிருந்து கட்டை விரல் தடிமனுக்கு ஒரு செப்புக் கம்பி, கிணற்றின் இரும்பு உறைக்கு. கம்பத்தில் விழுகிற மின்னல், மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கி, கம்பி வழியாகக் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் கண்ணாடியை விட்டுவிட்டுப் போகும்.

மணலை நிரப்பும்போதே உள்ளே படம் போட்டுவிடுவான். மயிரிழைக் கம்பியைக் கிளை கிளையாக வளைத்து வைப்பான். நீல மருந்துக் குப்பியை இடித்து ஓர் அடுக்கு தூவுவான். செப்புத் தூள் ஓர் அடுக்கு, அது பச்சை கொடுக்கும். மின்னல் அவன் போட்ட கோட்டில் பாதி தூரம் போகும், அப்புறம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும்.

“பாதி நான் வரைஞ்சது, பாதி அவரு வரைஞ்சது” என்று வானத்தைக் காட்டுவான்.

“அவருக்கு வேற வேலை இல்ல பாரு” என்பாள் ஆர்டிஸ்.

சில வருஷம் ஒரு தடவைகூட விழாது. ஒரு வருஷம் மூன்று விழுந்தது. விழுந்த மறுநாள் சூப் கரண்டியும் சவரத் தூரிகையுமாகப் பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டான். ஒன்பது வருஷத்தில் உடையாமல் முழுதாக எடுத்தது ஆறு. ஒன்றைக்கூட விற்கவில்லை. ஸ்ட்ராபெரித் திருவிழாவுக்கு ஒன்றைக் கொண்டுபோனான். நடுவர்களுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜாம் பாட்டில்களோடு வைத்து இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு ஊறுகாய்க்கு.

இருப்பதிலேயே அழகானதை அவன் சபைக்குக் கொடுத்திருந்தான். அது பியானோவின் மேல் நின்றது. பியானோ ஆர்டிஸுடையது. எழுதி வைக்காவிட்டாலும் அவளுடையதுதான். இருபத்து நான்கு வருஷமாக ஞாயிறு இரண்டு ஆராதனை, புதன் சாயங்காலம் ஒன்று. அதே சபையில் இருந்த எர்மா காக்ஸ், தானும் நன்றாக வாசிப்பேன் என்று பாதிரியாரிடம் பல தடவை சொல்லிப் பார்த்தாள். ஆர்டிஸ் காய்ச்சலோடு வந்து வாசித்தாளே தவிர, ஒரு ஞாயிறுகூட இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

ஆர்டிஸ் வளர்ந்த வீட்டில் இடி இடித்தால் ஒரு முறை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போட வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடவே கூடாது. எல்லாரும் ஜன்னல் இல்லாத வீட்டு நடுவழியில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், ஆண்டவர் தம் வேலையை முடிக்கிற வரைக்கும். கல்யாணமாகி வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தினம் சாயங்காலம் நாலு மணிக்கு நம்மூரில் இடி உண்டு. தினம் நாலு மணிக்கு நடுவழியில் உட்காருவாள்.

கம்பம் நட்ட பிறகு ஹாய்ட் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

“முப்பதடிக் கம்பம் வெளிய வா வான்னு நிக்குது. அதை விட்டுட்டு இடி உன் சமையல்கட்டைத் தேடி வருமா? எழுந்திரி கிழவி, பசிக்குது.”

ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒன்பது கோடை சிரித்தான். முதலில் கண்ணாடித் துணி போனது. பிறகு கத்தரிக்கோல் மேசையிலேயே கிடந்தது. கடைசியில் வெளியே உறுமிக்கொண்டிருக்கும்போதே அவள் பாத்திரம் கழுவப் பழகிவிட்டாள். அவனுக்கு அதில் பெருமைகூட உண்டு. பெண்டாட்டியின் பயத்தைப் போக்கிவிட்டானாம்.

ஓவன் சண்டை நடந்த அந்த வருஷம் ஜனவரியில் பதினோரு நாள் பனி பெய்தது. பனி பெய்தால் ஸ்ட்ராபெரிக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்துச் செடி மேல் தெளிப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மூடிக்கொண்டு பழத்தைக் காப்பாற்றும். பழம் தப்பியது. ஆனால் பூமிக்கடியில் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு குழாயில் காற்று வந்தது. ஹாய்ட் இடுப்பு வலியோடு வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பது வீட்டுக்குப் போனான். ஒவ்வொரு கிணற்றிலும் கயிறு விட்டு அளந்து மோட்டாரை ஆழத்துக்கு இறக்கினான்.

“மிஸ்டர் ஹாய்ட், உங்க கிணறு எப்படி?” என்று பக்கத்துத் தோட்டத்து ஃபார்லி கேட்டான்.

“எனக்கென்ன, என் கிணறு முந்நூறு அடி. உங்க எல்லாருக்கும் தண்ணி தீர்ந்து நான்தான் கடைசியா சாவேன்.”

அது புதுக் கிணறு. கொல்லையில் இருந்த பழைய கிணறு அவன் நினைவுக்கே வரவில்லை. அதில்தான் யாரும் தண்ணீர் எடுப்பதில்லையே. இடிக்கு மட்டும்தானே அது. நாற்பது கிணற்றை அளந்த கயிறு அந்த ஒன்றில் மட்டும் இறங்கவில்லை.

மே மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, வருஷத்தின் முதல் இடி. அதற்கு முன்னால் ஏழு வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. நாலு மணிக்குக் கால்மணி இருந்தது. ஆர்டிஸ் சிங்க்கில் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். ஹாய்ட் கொட்டகை வாசலில் நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பீப்பாயில் அவன் போட்டிருந்தது ஒரு முழு மரம். ஒன்பது வருஷமாக மனசில் இருந்த மரம்.

வெள்ளையாக ஒன்று அடித்தது. காது அடைத்துப் போனது. கம்பத்தில்தான், நேராகக் கம்பத்தில்தான்! ஹாய்ட் தொப்பியைக் கழற்றி வீசினான். அல்லேலூயா என்று கத்தினான். இடுப்பு வலி எல்லாம் மறந்து பீப்பாயிடம் ஓடினான். பக்கத்தில் முழங்கால் போட்டு இரண்டு கையையும் பலகையில் வைத்தான். கதகதவென்று இருந்தது. சிரித்துக்கொண்டே அங்கேயே இருந்தான். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கணக்குப் பார்த்தான். நாலு நிமிஷமாவது இருக்கும்.

அப்புறம்தான் சமையல்கட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது.

ஆர்டிஸ் தரையில் கிடந்தாள். கீரை எல்லாம் சிதறிக் கிடந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நடை வந்தது, பேச்சு வந்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் வரவே இல்லை. அடுப்பில் வைத்தாலும் சுடாது, பியானோவில் வைத்தாலும் அழுத்தாது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் ஹாய்ட் பழைய கிணற்றில் கயிறு விட்டான். கல் அடியில் போய் டொக்கென்று தட்டியது. எடுத்துப் பார்த்தான். கயிற்றில் தூசி.

அங்கேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரைத் தேடி வந்த இடி கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வேறு வழி தேடியிருக்கிறது. அந்தக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு வந்த பழைய இரும்புக் குழாய் மண்ணுக்குள்ளே அப்படியே கிடந்தது. சுவரைத் துளைத்து வந்து, சிங்க்கின் தகட்டில் சாய்ந்துகொண்டு, ஆர்டிஸின் சட்டியில் துரு உதிர்த்துக்கொண்டு.

கம்பத்தை அன்றைக்கே இறக்கினான். பீப்பாயைத் தொடவில்லை. உள்ளே மரம் வந்ததா, என்ன வந்தது என்று தோண்டிப் பார்க்கவே இல்லை. புல் முளைத்து மூடியது. குழாயையும் தொடவில்லை. இப்போது போய் அதை அறுத்தால், ஏன் அறுக்கிறாய் என்று கேட்பாளே.

“கர்த்தருடைய வழி நமக்கு விளங்காது, சகோதரர் ஹாய்ட்” என்று பாதிரியார் தோளைத் தட்டினார். ஹாய்ட், ஆமென் என்றான். கோழையின் ஆமென்.

எர்மா காக்ஸ் பியானோவில் உட்கார்ந்தாள். ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி வாசித்தாள். ஆர்டிஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு கேட்டாள். கோடை இடியை இனி அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஜார்ஜியாவில் இருக்கிற தங்கை நெல்டா வீட்டுக்குப் போவாள், அக்டோபரில் வருவாள். ஹாய்ட் நாலு மணிக்கு வீட்டு நடுவழியில் தனியாக உட்கார்ந்திருப்பான். கண்ணாடிக்குத் துணிகூடப் போடுவான். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

இப்படி நான்கு வருஷம் போயிற்று.

ஐந்தாவது ஜூனில், அவள் கிளம்புகிற காலை. நெல்டா மத்தியானம் காரில் வருவதாக இருந்தது. பெட்டி வாசலில் நின்றது. ஆர்டிஸ் ஓர் உறையைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். இடது கையால் எழுதிய விலாசம், கோழி கிறுக்கியது மாதிரி.

“இதைத் தபால் பெட்டியில போட்டுக் கொடியைத் தூக்கி விடு.”

“எர்மாவுக்கா? பக்கத்துத் தெரு. நடந்து போய்ச் சொல்ல வேண்டியதுதானே.”

“முகத்தைப் பாத்து சொல்ல வராது. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன்.”

“நீ எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?”

“நாலு வருஷமா யோசிச்சேன், ஹாய்ட். ஆண்டவரு ஏன் குறி பாத்து ரெண்டு விரலை மட்டும் எடுத்தாருன்னு. அந்தப் பியானோவை நான் யாருக்கும் விடல. எர்மா ஏங்குறான்னு தெரிஞ்சே விடல. என் அகம்பாவம். அதுக்குத்தான்.” சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போ. தபால் வண்டி பத்தரைக்கு வந்துரும்.”

ஹாய்ட் சாலையோரத் தபால் பெட்டி வரைக்கும் நடந்தான். மூடியைத் திறந்தான். கடிதத்தை உள்ளே வைத்தான். உள்ளே கடிதம் இருக்கிறது என்று தபால்காரருக்குக் காட்டுகிற சிவப்புக் கொடியில் கை வைத்தான். கொடி தூக்க வரவில்லை அவனுக்கு. இவள் எவளிடமோ மன்னிப்புக் கேட்கிறாள், இவன் செய்ததற்கு. கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“இதைப் போட முடியாது.”

“ஏன், ஸ்டாம்பு இல்லையா?”

“ஆண்டவரு செய்யல, ஆர்டிஸ். நான் செஞ்சேன்.”

சொன்னான். வறண்ட கிணறு, பழைய குழாய், கயிற்றில் வந்த தூசி எல்லாவற்றையும் சொன்னான். பீப்பாயில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நாலு நிமிஷத்தையும் விடவில்லை. ஆர்டிஸ் சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், கம்பமும் இல்லை, வீடும் பத்திரம், இந்தக் கோடைக்கு ஒருவேளை இருந்துவிடுவாள் என்று அவனுக்குள்ளே ஒரு நப்பாசை இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு எப்போதும் இருக்கும்.

“நாலு வருஷம்” என்றாள் கடைசியில். “நாலு வருஷமா ஆண்டவரோட சண்டை போட்டேன். முழங்கால் தேயத் தேயக் கேட்டேன், என்ன தப்பு செஞ்சேன்னு. அவரும் பாவம், பதில் சொல்லாம வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நீ பக்கத்து நாற்காலியில உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்திருக்க.”

“ஆர்டிஸ்…”

“அந்தக் குழாய் இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“இப்பவும்?”

அவன் குனிந்து சிங்க்குக்கு அடியில் இருந்த குழாயைக் காட்டினான்.

“அறு. நான் போறதுக்குள்ள அறு. நான் பாக்கணும்.”

கொட்டகையில் ரம்பச் சட்டம் இருந்தது, பிளேடு துருப்பிடித்துப் பல் போயிருந்தது. கடைக்குப் போய்ப் புது பிளேடு வாங்கி வந்தான். சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். எழுபத்தொரு வயதுக்கு அது நல்ல படுக்கை இல்லை. ஆர்டிஸ் தரையில் உட்கார்ந்து இடது கையால் டார்ச் பிடித்தாள். துரு அவன் கண்ணில் விழுந்தது. அவள் துடைத்துவிடவில்லை. வெளிச்சத்தையும் அசைக்கவில்லை. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு கழன்று வந்து தரையில் உருண்டது.

“ஒரு மணி நேரம்னு நான் சொன்னதே தப்பு” என்றாள் ஆர்டிஸ்.

எழுந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே சாலைக்கு நடந்தாள். ஹாய்ட் பின்னாலேயே போனான்.

“அதான் சொன்னேனே, எர்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு.”

“எர்மாவுக்கு நான் செஞ்சது தப்புதான். அது வேற, இது வேற. தப்பைத் தப்புன்னு சொல்ல எனக்கு இடி விழ வேண்டியிருந்துச்சு. உனக்கு அதுவும் போதல.” கடிதத்தைப் பெட்டியில் போட்டு இடது கையால் கொடியைத் தூக்கினாள். தபால் வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நாளைக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

நெல்டாவின் கார் வந்து நின்றது. ஹாய்ட் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். ஆர்டிஸ் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கொல்லைப் பக்கம் புல் மூடிய மேட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“அந்தப் பீப்பாயில என்ன வந்துச்சு?”

“தெரியாது. தோண்டல.”

“தோண்டாத. எனக்குப் பாக்க வேணாம்.” மடியில் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள். “இந்தத் தடவை அக்டோபர்ல என்னை எதிர்பாக்காத, ஹாய்ட். கிறிஸ்துமஸ்லயும் எதிர்பாக்காத.”

அவன் தலையாட்டினான். நெல்டா வண்டியைக் கிளப்பினாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆர்டிஸ் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

“அந்த பிளேடு என்ன விலை?”

ஹாய்ட் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துப் பார்த்தான். பார்க்காமலே சொல்லியிருக்கலாம், ஆனால் பார்த்தான்.

“ஒரு டாலர் எழுபத்தொன்பது சென்ட்.”